திங்கட்கிழமை மூங்கிலும் வியாழக்கிழமை சோப்பும்

1

ஒரு பொட்டலம் சலவைத்தூளால் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. பவானிபூரில் எங்கள் மாடிப்படி ஏறி வந்த ஒரு விற்பனைப் பெண், "புதுசு மாஷிமா, இலவசம்" என்று நீட்டினாள். மாஷி என்றால் இங்கே சித்தி, பெரியம்மா. வாங்கிக்கொண்டேன். இலவசமாக வருவதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஒருவருக்கும் கிடையாது. தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"இந்த வீட்டுக்குள்ள இலவச சோப்பு வரக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?"

"இது சோப்பு இல்ல, தூளு."

"அது இன்னும் மோசம்லா!"

அதற்கு நான் அவருடைய வேதியியலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவர் என் சமூகவியலைப் பற்றி ஒன்பது வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து "உப்பு" என்கிறார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உப்பை நகர்த்துகிறேன். ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு ரகளையா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அதற்குத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். பேச ஆளில்லாததால் எழுத நேரமும் இருக்கிறது.

2

நாங்கள் வந்த புதிதில் இந்த ஊருக்குக் கல்கத்தா என்று பெயர். இப்போது கொல்கத்தா. பெயர் மாறினாலும், என் வங்காளிப் பேச்சைக் கேட்டு பஸ் கண்டக்டர் சிரிப்பது மாறவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீரைச் சோதிக்கும் வேதியியல்காரர். நான் சமூகவியல். ஒரே ஆய்வு நிறுவனம். அவருக்குக் கீழ்த்தளம், எனக்கு மேல்தளம். நாங்கள் ஊர்க்கதை பேசிச் சம்பளம் வாங்குகிறோம் என்று கீழ்த்தளம் நினைத்தது. அவர்கள் சோதனைச் சாலைக் குடுவையில் டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்று மேல்தளம் நினைத்தது. எங்கள் நினைப்பு உண்மை, நானே குடித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதுக் காற்று அடித்தது. நீரையும் மண்ணையும் காப்பாற்ற வேண்டுமானால் இயற்கை அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றார்கள். தண்ணீரை அளந்தால் மட்டும் போதாது, அதில் துணி துவைக்கிறவரிடமும் போய்ப் பேச வேண்டும். இதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் நான் இதை மனசார நம்புகிறேன். எங்கள் இயக்குநர் சான்யால்-பாபுவும் நம்பினார். ஒரு குளத்தைப் பற்றி இரண்டு தளமும் சேர்ந்து ஆய்வு செய்ய ஒரு திட்டம் வாங்கிவந்து, எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏற்கெனவே ஒன்றுசேர்ந்து இருப்பவர்கள் இந்தக் கட்டடத்தில் நீங்கள் மட்டும்தான்" என்றார் ஆங்கிலத்தில், வாயில் சந்தேஷ் இனிப்போடு. "ஆனால் ஒரு நிபந்தனை. கடைசி அத்தியாயம் எழுதும்வரை ஒருவர் வேலையைப் பற்றி மற்றவரிடம் பேசக் கூடாது. ஒருவர் முடிவு அடுத்தவர் முடிவில் கலந்துவிடும். வீட்டிலும் கூடாது. முக்கியமாக வீட்டில் கூடாது."

ஆக, இரண்டு அறிவியலையும் ஒன்றுசேர்க்க நாங்கள் செய்த முதல் காரியம் பேச்சை நிறுத்தியது. சட்டம் என்றால் சட்டம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள் இருவரும். வங்காளிகளாக இருந்தால் இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்ததும் டீக்கடையில் நின்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருப்பார்கள். நாங்கள் கடைப்பிடித்தோம்.

இவருடைய அம்மாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து செய்தி சொன்னேன். அத்தை கேட்டாள்: "ஒரு கொளத்தப் பாக்கதுக்கா ரெண்டு பேரும் அம்புட்டுத் தூரம் போனிய? இங்ஙன தெப்பக்கொளம் சும்மாத்தான கெடக்கு?"

3

குளம், பாலிகஞ்ச் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு பாராவில் இருந்தது. பாரா என்றால் நம்மூர்த் தெரு, வட்டாரம் மாதிரி. ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தில் நம்மூர்த் தெருவை விடச் சுறுசுறுப்பானது. ஒரு கரையில் துணி துவைப்பார்கள். ஒரு கரையில் பூஜை முடிந்து சிலை கரைப்பார்கள். மூன்றாவது கரையில் பாரா கிளப்பின் நீச்சல் வகுப்பு. எங்கள் மகள் கோமதி, அப்போது பத்து வயசிருக்கும், அங்கேதான் நீந்தினாள். தமிழில் "தண்ணி" என்பதைக்கூட வங்காளி ராகத்தில் இழுக்கும் பிள்ளை. குளத்தில் விழுந்தால் மீன், வீட்டுக்கு வந்தால் பத்து கேள்விக்கு ஒரு பதில்.

கிளப் செயலாளர் பெயர் பொல்ட்டு-தா. வயது ஐம்பதுக்கு மேல், வேலை என்னவென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. குளந்தான் வேலை. அந்தக் குளத்தின் மேல் ஒரு புரோமோட்டரின் கண் விழுந்திருந்தது. அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். உயிருள்ள குளத்தை மூட முடியாது, சட்டம் விடாது. அதனால் அவர், இது குளமே இல்லை, செத்துப்போன சாக்கடை என்று மாநகராட்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். உயிரா, பிணமா என்று எங்கள் அறிக்கை சொல்ல வேண்டும். மாநகராட்சி எஞ்சினியர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

முதல் நாளே பொல்ட்டு-தா என்னிடம் வந்தார். "பௌதி," என்றார். அண்ணி என்று அர்த்தம். "நான் இதில் நீந்தித்தான் ஆளானேன். எங்கள் பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள், லிஃப்டிலா? நல்லபடியாக எழுதுங்கள்."

உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கோமதி அந்தப் பக்கம் தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள்.

4

தண்ணீர் எடுக்க இவருக்குத் திங்கட்கிழமை, ஜனங்களிடம் சர்வே எடுக்க எனக்கு வியாழக்கிழமை. குளக்கரையில் தப்பித்தவறிக்கூடச் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை நீச்சலுக்குக் கோமதியை நான் கொண்டுவிட்டுத் திரும்புவேன், இவர் போய்க் கூட்டிவருவார்.

ஒரு நாள் இவர் என் முன்னால் வந்து நின்று, "சிவப்புத் துணி ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

எதற்கு என்று கேட்க வாய் வந்தது. சட்டம் ஞாபகம் வந்தது. பேசாமல் பழைய பாவாடை ஒன்றை எடுத்து நீளநீளமாகக் கிழித்துக் கொடுத்தேன். அவரும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் நான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றேன். உள்ளே துணி சோப்பு. சர்வேயில் பதில் சொல்கிறவர்களுக்கு வெறுங்கையோடு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்ம வீட்டில் வெற்றிலை பாக்காவது கொடுத்து அனுப்புவோமே. சோப்பு வாங்க எங்கள் கணக்குப் பிரிவில் வழியில்லை. சமூகவியலுக்குச் சோப்பு எதற்கு என்று கேட்டு, கடைசியில் "வேதிப்பொருள்" என்று எழுதி அனுமதித்தார்கள். இவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அன்பான மனிதர், அதில் சந்தேகமில்லை.

5

என் ஆய்வு ஜோராக நடந்தது. ஜனங்கள் பதில் சொல்லத் துடித்தார்கள். முதல் வாரம் வந்த பெண்களே அடுத்த வாரம் ஓரகத்தியாகவும் நாத்தனாராகவும் வேறு முக்காடு போட்டுக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. "மக்களின் பங்கேற்பு ஆர்வம் வியக்கத்தக்கது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று கிடைத்தது. குளத்துக்குள் ஓரமாக ஆங்காங்கே மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. துணியில் குங்குமம், செம்பருத்தி மாலை, நூல் முடிச்சுகள். யார் நட்டது என்று கேட்டேன். "ஒரு தாதா" என்றார்கள். தாதா என்றால் அண்ணன்; இந்த ஊரில் எல்லா ஆணும் தாதா. எதற்காக நூல் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். துவைக்க வந்த பெண்களில் மூத்தவளான புல்லு-மாஷி மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மானத்" என்றாள். நேர்த்திக்கடன்.

"என்ன வேண்டுதல்?"

"ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை. நல்ல ஜனங்கள். பேச வேண்டுமென்று."

எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள். சொல்லும்போது என் கையை ஒரு மாதிரி தடவியும் கொடுத்தார்கள். எனக்குப் புல்லரித்தது. நீர்நிலை வழிபாட்டுக்கும் குடும்ப ஒற்றுமைக்கும் உள்ள ஆதித் தொடர்பைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். மூங்கில் வழிபாடு மிகத் தொன்மையானது என்றும் எழுதினேன். என் சொந்தப் பாவாடையை என்னால் அடையாளம் காண முடியவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

வீட்டில் இவர் முகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்தது. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். கோமதி "அப்பா, புகுர்ல பச்சை பச்சையா..." என்று குளத்தைப் பற்றி ஆரம்பித்தால், தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எவ்வளவு கட்டுப்பாடான குடும்பம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

6

அறிக்கையைப் படிக்கும் கூட்டம் கிளப் அறையில் நடந்தது. கேரம் போர்டை நடுவில் போட்டு, சுற்றி நாற்காலி. எஞ்சினியர், சஃபாரி சூட் போட்ட புரோமோட்டர், சான்யால்-பாபு, பொல்ட்டு-தா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பாரா முழுக்க. சிங்காரா, அதாவது நம்மூர் சமோசா, வந்தது, மண் குவளையில் டீ வந்தது. நானும் இவரும் முதன்முறையாக அடுத்தவர் முடிவைக் கேட்கப் போகிறோம்.

இவர் எழுந்தார். "குளத்தில் சோப்பிலிருந்து வரும் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. விடியற்காலையில் மீனுக்கு மூச்சுக்காற்று இல்லை. இப்படியே போனால் பிழைக்காது. ஏன் திடீரென்று ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை."

புரோமோட்டர் சிங்காராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எஞ்சினியர் பேனாவைத் திறந்தார். பொல்ட்டு-தா கையிலிருந்த குவளை நழுவி உடைந்தது. எனக்குள் என்னமோ இடறியது.

"சோப்பா?" என்றேன் தமிழில், அத்தனை பேர் முன்னால். "என்னங்க, எந்தப் பக்கம் மொதல்ல ஏறிச்சு?"

"கெழக்குப் படித்துறை. பொறவு வடக்கு."

"நாங்க சர்வேய கெழக்குலதான் தொடங்குனோம்! ஆளுக்கு ரெண்டு சோப்பு குடுத்தம்லா!"

இவர் என்னை அப்படியே பார்த்தார். "அந்தப் பெட்டி..."

"நீங்கதான தூக்கி பஸ்ஸுல வச்சிய!"

அடுத்த நிமிஷம் கேரம் காய்களை அள்ளிப் போர்டில் பரப்பினோம். அவர் கறுப்புக் காய்களை வைத்தார்: இங்கே, இங்கே என் மூங்கில், இந்தத் திங்கட்கிழமை இவ்வளவு. நான் வெள்ளைக் காய்களை வைத்தேன்: இந்த வியாழன் இந்தக் கரை, அடுத்த வியாழன் அந்தக் கரை. எந்தக் கரையில் வெள்ளை விழுந்ததோ, அடுத்த திங்கள் அங்கே கறுப்பு ஏறியிருந்தது. ஒரு கரைகூடத் தப்பவில்லை. ஓசி சோப்பு கிடைத்த சந்தோஷத்தில், வழக்கமாகத் துவைக்கும் ஒரு கரை போதாமல், பாராவின் கொசுவலை, திரைச்சீலை, கம்பளி, குரங்குக் குல்லாய் எல்லாம் குளத்தின் எல்லாக் கரைக்கும் வந்திருக்கின்றன.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. "இருங்க. மூங்கிலு... ஒங்களுதா?"

"தண்ணி எடுக்க அடையாளத்துக்கு நட்டது. ஒன் பாவாடைதான் கொடி."

என் தொன்மையான வழிபாட்டு அத்தியாயத்தை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

இவர் எஞ்சினியரிடம் திரும்பினார். "குளம் சாகவில்லை. நாங்கள் விஷம் கொடுத்திருக்கிறோம். சோப்பை நிறுத்திவிட்டு ஒரு மழைக்காலம் பொறுங்கள். தெளியாவிட்டால், மூடலாம் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொல்ட்டு-தாவின் குளம், கோமதியின் குளம், எல்லாம் இவருடைய ஒரு கையெழுத்தில். எஞ்சினியர் பேனாவை மூடினார். "சரி. ஆனால் இந்த ஜனங்கள் சோப்பு போடாமல் இருப்பார்கள் என்று யார் உத்தரவாதம்?"

அது என் துறை. ஜன்னல் பக்கம் போனேன். நல்ல வங்காளியில் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன். புல்லு-மாஷி முந்திக்கொண்டாள்.

"போடமாட்டோம். ஆனால் நீங்கள் இருவரும் பேச வேண்டும்."

"யார் இருவரும்?"

"நீயும் உன் புருஷனும்தான்! அவர் திங்கட்கிழமை வருகிறார், நீ வியாழக்கிழமை வருகிறாய். பிள்ளையை நீ விடுகிறாய், அவர் கூட்டிப்போகிறார். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், 'அவரைப் பற்றி நான் பேசக் கூடாது' என்கிறாய். பிள்ளையைக் கேட்டால், குளம் என்றாலே அப்பா எழுந்து போய்விடுகிறார் என்கிறது. பின்னே யாருக்காக அத்தனை நூல் கட்டினோம்?"

அறை முழுக்கச் சிரிப்பு. சான்யால்-பாபு கூரையைப் பார்த்தார். என் குடும்ப ஒற்றுமை ஆய்வில் இருந்த ஒரே குடும்பம் நாங்கள்தான்.

"இப்போதே பேசுங்கள்," என்றாள் மாஷி. "எங்கள் கண் முன்னால்."

எழுந்து நின்றோம். கல்யாண மேடையில்கூட எனக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. அத்தனை மாதம் அடக்கிவைத்த பேச்சிலிருந்து இவர் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

"ராத்திரிக்கு என்ன?"

"ரசம்," என்றேன்.

என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று ஜன்னல் பரபரத்தது. கோமதி முன்னால் வந்து, கணீரென்று வங்காளியில் மொழிபெயர்த்தாள். பாரா கைதட்டியது. புல்லு-மாஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரசத்துக்கு அழுத வங்காளியை நான் அன்றுதான் பார்த்தேன்.

7

அந்த மழைக்காலம் முழுவதும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஆனால் மாஷிகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். யாராவது புதிதாக வந்து சோப்பை எடுத்தால், "மதராஸி பௌதியின் வாழ்க்கை இதில் இருக்கிறது" என்று விரட்டினார்களாம். மழை ஓய்ந்ததும் இவர் தண்ணீரைக் குடுவையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். அதற்கப்புறம் சோதனையும் செய்தார், எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அந்தக் குடுவையே போதுமாயிருந்தது. எஞ்சினியர் மூடக் கூடாதென்று கையெழுத்துப் போட்டார். பொல்ட்டு-தா சட்டையோடு குளத்தில் குதித்தார்.

நேர்த்திக்கடன் பலித்துவிட்டால் சும்மா விடுவார்களா? எங்கள் இரண்டு பேரையும் படித்துறையில் நிற்கவைத்து மாலை போட்டார்கள், சங்கு ஊதினார்கள். இவர் தான் பல மாதம் அளந்த அதே பாசியில் கால் வைத்து வழுக்கி உள்ளே விழுந்தார். நீச்சல் தெரியாது. கோமதி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்தாள். அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை நாங்கள் சேர்ந்து எழுதியபோது, சான்யால்-பாபு வெட்டச் சொன்ன ஒரே பத்தி இதுதான்.

மூங்கிலை யாரும் பிடுங்கவிடவில்லை. மற்றவை மக்கிப் போனாலும் கிழக்குப் படித்துறையில் ஒன்று இன்னும் நிற்கிறது. பாராவில் எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் வந்தாலும் அதில்தான் நூல் கட்டுகிறார்கள். என் அத்தியாயம் எழுதியபோது பொய், இப்போது மெய்யாகிவிட்டது. வருஷம் ஒருமுறை இவர் போய்ப் புதுச் சிவப்புத் துணி மாட்டுகிறார், அடையாளம் தெரிய வேண்டுமாம்.

8

இன்று காலை நான் தனியாகப் போனேன். பேச்சில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது. கோமதி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் அழைத்தால் அவள் தமிழும் வங்காளியும் போய், இப்போது ஆங்கிலத்தில் அவசரப்படுகிறாள். குளத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு நீந்தினார்கள். மூங்கிலுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புதுசாக ஒரு நூல் முடிச்சு. அதில் ஒற்றைச் செம்பருத்தி, வாடாமல் இருந்தது. பாராவில் இப்போது யாருக்குள் சண்டை என்று புல்லு-மாஷியின் மருமகளைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தெரியாது பௌதி என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து துவைக்கத் துணி எடுத்தேன். இவர் இன்று விடியற்காலை உடுத்திக் கழற்றிப்போட்ட வெள்ளைச் சட்டையின் பையில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். செம்பருத்தி மகரந்தம். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நேற்றுவரை ஒரு மொட்டு இருந்தது.

சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"பையில என்ன இது மஞ்சத் தூளு?"

செய்தித்தாளைத் தாழ்த்தாமல், "சாம்பிள்," என்றார்.

"சரி. முடிவு என்ன சொல்லுது?"

தாள் மெல்ல இறங்கியது. சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ராத்திரிக்கு என்னன்னு கேக்கச் சொல்லுது."

"ரசம்," என்றேன்.